பொறுமை இல்லைன்னு அழாதீங்க, வீட்ல கை பத்தல

கேள்வி: மேடம், நாங்க சேலம் குகையில இருக்கோம். எனக்கு 29 வயசு. பையனுக்கு மூன்றரை, பாப்பாவுக்கு 8 மாசம். வீட்டுக்காரருக்கு செவ்வாப்பேட்டையில வெள்ளி கொலுசு பட்டறையில வேலை, காலையில பத்து மணிக்கு போனா நைட்டு வர பத்து ஆயிடும். மாமியார் கூட இருக்காங்க, முட்டி வலி, பாப்பாவ தூக்க முடியாது. முன்னாடி ஒரு ஜவுளிக்கடையில அக்கவுண்ட்ஸ் பார்த்துட்டு இருந்தேன், இப்ப எனக்கே என்னை புடிக்கல. பொழுதன்னிக்கும் கத்திட்டே இருக்கேன். போன வாரம் சாயங்காலம் பையன் ஜவ்வரிசி டப்பாவ கவுத்துட்டான், முதுகுல ஓங்கி வச்சுட்டேன், அஞ்சு விரலும் பதிஞ்சிருச்சு. அப்புறம் பாத்ரூம்ல குழாய திறந்து விட்டுட்டு அழுதேன். மனசு மாறும்னு மே மாசம் ஏற்காடு கூட்டிட்டு போனார், அங்கயும் அழுகை தான். நைட்டு பாப்பா மூணாவது வாட்டி எந்திரிச்சு அழறப்ப மாடியில இருந்து போட்ரலாமான்னு ஒரு நொடி தோணுது, முதல்ல அப்படி தோணின நாள்ல இருந்து மாடிக் கதவ பூட்டி சாவிய அரிசி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. நான் நல்ல அம்மாவே இல்லையா?

பதில்:

தங்கச்சி, வயசுல உங்கள விட மூத்தவ நான், அப்படியே கூப்பிடறேன்.

கடைசியா எழுதினத முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா அந்த ஒரு வரிய எழுத உங்களுக்கு எவ்வளவு நாள் ஆயிருக்கும்னு எனக்கு தெரியும். என்கிட்ட நேர்ல வர்ற அம்மாக்களும் இத முதல் தடவையே சொல்றதில்ல, மூணாவது நாலாவது தடவை வந்து, பேசி முடிச்சு, பைய எடுத்து மாட்டிக்கிட்டு, கதவுகிட்ட போய் நின்னுட்டு தான் சொல்வாங்க. காய் நறுக்கற கத்திய பார்த்தா ஒரு நினைப்பு வருது மேடம், குளிப்பாட்டறப்ப தண்ணிய பார்த்தா வருது மேடம், நான் பேயா மேடம்னு கேட்பாங்க. இந்த மாதிரி நினைப்பு சின்னக் குழந்தை வச்சிருக்கற ரொம்ப பேருக்கு வருது, அப்பாக்களுக்கும் வருது. மாசக்கணக்கா தூக்கம் கெட்டுப்போன மூளை எதுக்கு ரொம்ப பயப்படுதோ அதையே படம் புடிச்சு காட்டும், அதுக்கும் நம்ம ஆசைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நீங்க என்ன பண்ணீங்க, கதவ பூட்டி சாவிய அரிசிக்குள்ள ஒளிச்சு வச்சீங்க. பாப்பாவ காப்பாத்தற வேலைய உங்க கை தன்னால செஞ்சிருச்சு.

அதே சமயம் இத லேசா விட்டுட்டு போக மாட்டேன். அந்த நினைப்பு பயமுறுத்தறது போய் சரிதானேன்னு பட ஆரம்பிச்சா, காதுல யாரோ சொல்ற மாதிரி கேட்டா, பாப்பாகிட்ட ஏதோ கெட்டது புகுந்திருக்குன்னு தோணுச்சுன்னா, ரெண்டு மூணு நாள் தூங்காமலே உடம்பு பரபரன்னு ஓடுச்சுன்னா, அது வேற. அன்னைக்கே, அந்த மணி நேரமே, குழந்தைய இன்னொருத்தர் கையில குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துரணும். ஆயிரம் பிரசவத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு அப்படி வரும், பெரும்பாலும் பிரசவம் ஆன முதல் சில வாரத்துல, மருந்துக்கு நல்லா கேக்கும். உங்க கடிதத்துல அந்த அடையாளம் எதுவும் எனக்கு தெரியல, ஆனா ஒரு கடிதத்த வச்சு யாரும் முடிவு சொல்லக் கூடாது.

இன்னொன்னு, நேராவே கேக்கறேன், நாம இல்லாம போயிட்டா நல்லா இருக்கும்னு உங்களுக்கு தோணுதா? தோணுச்சுன்னா நாளைக்கு பார்க்கலாம்னு தள்ளாதீங்க, அன்னைக்கே வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு டாக்டர பார்த்துருங்க. 14416, டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச அரசாங்க நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். நடுராத்திரி ரெண்டு மணிக்கு பாப்பாவ தோள்ல போட்டுக்கிட்டே பேசலாம். போன்ல சேவ் பண்ணிக்கோங்க, பேர் எதாச்சும் வச்சுக்கோங்க, "கேஸ் கம்பெனி"ன்னு கூட வச்சுக்கோங்க.

கோபம் தலைக்கு ஏறி, பாப்பா கையில இருக்கறப்ப அழுகை நிக்கவே இல்லைன்னா இத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பாப்பாவ கீழ பாய்ல போடுங்க, பக்கத்துல சின்ன சாமான் எதுவும் இல்லையான்னு பார்த்துட்டு, அடுத்த ரூமுக்கு போய் ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருங்க, முகத்துல தண்ணி அடிங்க. அஞ்சு நிமிஷம் அழுததால எந்த குழந்தைக்கும் ஒன்னும் ஆகாது. ஆனா கோபத்துல புடிச்சு உலுக்கினா இந்த வயசு குழந்தைக்கு மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிரும், கழுத்து அவ்வளவு நோஞ்சான், தலை அவ்வளவு கனம். உங்க வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் இத படிச்சு காட்டுங்க, அவங்களுக்கும் தெரியணும்.

இப்ப அந்த ஜவ்வரிசி சாயங்காலம். நான் மனசுல அப்படியே ஓட்டி பார்த்தேன். ஜவ்வரிசி கொட்டினா என்ன ஆகும்னு சேலத்துக்காரங்களுக்கு சொல்லணுமா, அரிசி மாதிரி ஒரு இடத்துல கிடக்காது, ஒவ்வொரு மணியும் கட்டிலுக்கு அடியில பீரோவுக்கு அடியிலன்னு உருண்டு ஓடும், விளக்கமாத்தால தள்ளினா இன்னும் ஓடும். ஒரு பக்கம் குக்கர் மூணாவது விசில், இன்னொரு பக்கம் பாப்பா தவழ்ந்துட்டு வந்து ஒவ்வொரு மணியா பொறுக்கி வாய்க்கு கொண்டு போறா, தொண்டையில போயிரும்னு ஒரு பதட்டம், பெரியவன் அதுக்குள்ள மேல ஓடி விளையாடி சிரிக்கறான். அந்த அடியில பாதி பயம் தங்கச்சி. ரெண்டு கைய வச்சுக்கிட்டு நாலு இடத்த ஒரே சமயத்துல புடிக்கணும்னா எந்த மனுஷிக்கும் முடியாது.

அடிச்சது சரின்னு சொல்ல வரல. அடி வேண்டாம், அது எதையும் கத்துக்குடுக்காது, பெரிய கை வந்தா முதுக காட்டாதேன்னு மட்டும் கத்துக்குடுக்கும். அடிச்சுட்டோமேன்னு குழாய திறந்து விட்டுட்டு அழுதீங்க பாருங்க, அந்த நேரத்துல தம்பி வெளிய நின்னுட்டு இருந்திருப்பான். அவனுக்கு வேண்டியது நீங்க பாத்ரூம்ல இருந்து வெளிய வந்ததுக்கு அப்புறம் நடக்கணும். எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 1970கள்ல இருந்து அம்மாவையும் கைக்குழந்தையையும் எதிர் எதிரா உட்கார வச்சு, ஒவ்வொரு நொடியா வீடியோவுல பார்த்தார். நல்லா இருக்கற அம்மா, நல்லா இருக்கற குழந்தை, அதுலயே ரெண்டு பேரும் ஒத்துப்போற நேரம் மொத்தத்துல மூணுல ஒரு பங்கு கூட வரல. மீதி நேரம் பூரா அது ஒரு பக்கம் பாக்குது இது ஒரு பக்கம் பாக்குது, அப்புறம் மறுபடியும் சேர்ந்துக்குது. குழந்தை அந்த மறுபடி சேர்றதுல தான் தேறுது. அதனால அவன உட்கார வச்சு, அவன் உயரத்துக்கு நீங்களும் உட்கார்ந்து, "சாமி, அம்மா அடிச்சது தப்பு, உனக்கு வலிச்சிருக்கும், பாப்பா வாயில போட்டுக்குவான்னு அம்மா பயந்துட்டேன்"னு சொல்லுங்க. அவ்வளவு தான், அடுத்து "ஆனா நீ ஏன் கொட்டின"ன்னு சேர்க்காதீங்க. ஒரு வாரம் ஆயிருச்சேன்னு யோசிக்காதீங்க, இன்னைக்கு சொன்னாலும் அவனுக்கு புரியும், மூன்றரை வயசு பையன் முதுகுல விழுந்த அடிய மறக்க மாட்டான், மன்னிப்பு கேட்டதையும் மறக்க மாட்டான்.

அடுத்து ரத்தம். இத நான் கேக்காம எந்த அம்மாவையும் அனுப்பறதில்ல. 8 மாசத்துக்கு முன்னாடி பிரசவம், பால் குடுக்கறீங்க, நைட்டு தூக்கம் இல்ல, சாப்பாடு எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியா நின்னுட்டே சாப்பிடுவீங்கன்னு நீங்க எழுதலன்னாலும் எனக்கு தெரியும். நம்ம நாட்டுல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது. ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா சோகை கணக்கு தான், 8, 9 வச்சுக்கிட்டு எட்டு மாசக் குழந்தைய இடுப்புல சுமந்துட்டு பொறுமையா இருன்னு சொன்னா எங்க இருந்து வரும். தைராய்டும் பார்க்கணும், பிரசவம் ஆன ஒரு வருஷத்துக்குள்ள சில பேருக்கு அது தாறுமாறா ஆகும், முதல்ல படபடப்பு எரிச்சல் தூக்கமின்மைன்னு காட்டும், அப்புறம் ஒரேயடியா சோர்வு அழுகைன்னு மாறும், வீட்ல எல்லாரும் இவளுக்கு திமிருன்னு நினைச்சுட்டு இருப்பாங்க, ரிப்போர்ட்ட பார்த்தா தைராய்ட காட்டற டி.எஸ்.எச் அளவு எங்கயோ நிக்கும். நம்ம பெரிய ஆஸ்பத்திரியில, மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில, ரெண்டு டெஸ்ட்டும் எடுக்கலாம், மனநலப் பிரிவும் அங்கயே இருக்கு, ஒரே நாள்ல ரெண்டையும் முடிச்சுட்டு வரலாம். பிரசவத்துக்கு அப்புறம் 180 நாளைக்கு இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருப்பாங்க, போட்டீங்களா இல்ல பீரோவுல இருக்கா? மறுபடி போடச் சொன்னா காப்பியோட மட்டும் போடாதீங்க, காப்பியும் டீயும் இரும்ப உடம்புல சேர விடாது. ஏற்காட்டு காப்பி எனக்கும் உசுரு, ஆனா மாத்திரைக்கு ஒரு மணி நேரம் தள்ளி குடிங்க, மாத்திரைய எலுமிச்சை தண்ணியோட போடுங்க.

மனநலப் பிரிவுன்னதும் பயப்படாதீங்க. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு இருக்கான்னு பார்க்க எடின்பரோ கேள்வித்தாள்னு ஒன்னு 1987ல வந்தது, பத்தே கேள்வி, போன ஏழு நாள் எப்படி இருந்தீங்கன்னு கேக்கும். முதல் கேள்வி, சிரிப்பு வந்தா சிரிக்க முடிஞ்சதா. நீங்க வீட்லயே உங்கள கேட்டுக்க வேண்டியது ஒன்னு இருக்கு: ரெண்டு குழந்தையும் நல்லா தூங்கறாங்க, மாமியாரும் பக்கத்துல இருக்காங்க, அப்ப படுத்தா தூக்கம் வருதா? வந்தா நல்லது. அப்பவும் கண்ண மூட முடியாம மனசு ஓடிட்டே இருக்கு, ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் நாட்டம் இல்லைன்னா, நான் கீழ சொல்றத எல்லாம் தாண்டி உங்களுக்கு வைத்தியம் வேணும். பால் குடுத்துட்டு இருக்கறப்பவே போடக்கூடிய மருந்து இருக்கு.

இப்ப தலைப்புல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். "நாங்க அஞ்சு பெத்து வளர்த்தோம், இவளால ரெண்டு முடியல"ன்னு உங்க மாமியார் சொல்றாங்களான்னு தெரியல, எங்க பக்கம் சொல்லாத மாமியார நான் பார்த்ததில்ல. அவங்க வளர்த்தது உண்மை. எங்க அம்மாவும் அம்மாபேட்டையில தறிக்குழி இருக்கற வீட்ல தான் எங்க நாலு பேர வளர்த்தாங்க. ஒரு நாள் நான் கேட்டேன், ஏம்மா நீ நெய்யறப்ப எங்கள யார் பார்த்துப்பாங்கன்னு. அம்மா வெத்தலைய மடிச்சுக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சாங்க, உங்க பெரியம்மா, எதிர் வீட்டு ஆயா, பாவு புணைய வர்ற அக்கா, உங்க அத்தை அப்ப தாவணி போட்ட பொண்ணு அவ இடுப்புலயே தான் நீ கிடந்த, தறிக்கு பக்கத்துல தாத்தா இருப்பார்னு. நான் விரல் விட்டு எண்ணினேன், அஞ்சு பேர் வந்துச்சு. அஞ்சு பேர் செஞ்ச வேலைய இன்னைக்கு ரெண்டு ரூம் வீட்ல கதவ சாத்திக்கிட்டு நீங்க ஒருத்தரா செய்யறீங்க, முடியலைன்னதும் எனக்கு பொறுமை இல்லைன்னு உங்களையே திட்டிக்கறீங்க. உங்க மாமியார்கிட்டயும் இதே கேள்விய சண்டையா இல்லாம, கதை கேக்கற மாதிரி கேளுங்க, "அத்தை, உங்க சின்னவர் பொறந்தப்ப பெரியவர யார் பார்த்துக்கிட்டாங்க?" அவங்களே பேர் சொல்லுவாங்க. சொல்லி முடிக்கறப்ப அவங்களுக்கும் ஒன்னு புரியும்.

அவங்களால தூக்க முடியாது, சரி. உட்கார முடியும்ல. சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஏழு வரைக்கும் பெரியவன் அவங்க பொறுப்பு, பூண்டு உரிக்கறது, கீரை ஆயறது, கதை கேக்கறது எதுவா வேணா இருக்கட்டும். ஒரு அகலமான டப்பாவுல கொஞ்சம் தண்ணியும் நாலு டம்ளரும் குடுத்து வாசப்படியில ஆயா கண்ணு முன்னாடி விட்டீங்கன்னா முக்கா மணி நேரம் ஊத்தி ஊத்தி விளையாடுவான், துணி நனையும், நனையட்டும், விளையாடி முடிச்சதும் தண்ணிய கொட்டிரணும், தவழற பாப்பா இருக்கற வீடு. அந்த ஒன்றரை மணி நேரம் தான் எல்லா வீட்லயும் உடையற நேரம், குழந்தைங்களுக்கும் பசி அலுப்பு, உங்களுக்கும் பசி அலுப்பு. நைட்டு சாப்பாட்ட மதியமே முடிச்சு வைங்க, இல்லைன்னா உப்புமா போதும். அந்த நேரத்துல நீங்களும் ஒரு வாழைப்பழமாச்சும் சாப்பிடுங்க.

வீட்டுக்காரர பத்தி நீங்க ஒரு குறையும் எழுதல, அதுல இருந்தே நல்லவர்னு தெரியுது, சொன்னா செய்வார் போல. அந்த "சொன்னா"ல தான் கஷ்டம். எது எப்ப தீரும், எந்த ஊசி எப்ப போடணும், எந்த டிரவுசர் துவைச்சது எது ஈரம்னு எல்லாம் உங்க தலைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அவர் கைய மட்டும் குடுத்தா அந்த ஓட்டம் நிக்காது. அவர் பத்து மணிக்கு தான் கிளம்பறார், அதனால காலையில எழுந்ததுல இருந்து தம்பி முழுசா அவரோடது. பல் விளக்கறது, வெளிக்கு போறது, குளிப்பு, இட்லி ஊட்டறது, கொண்டு போய் பால்வாடியில விடறது வரைக்கும். ரெண்டு வயசு முடிஞ்ச குழந்தைய அங்கன்வாடியில சேர்த்துக்குவாங்க, மதிய சாப்பாடும் அங்கயே, இன்னும் சேர்க்கலைன்னா இந்த வாரமே போய் கேளுங்க. சட்டை பட்டன் மாறி போட்டு விட்டாலும் நீங்க போய் சரி பண்ணாதீங்க. முதல் ஒரு வாரம் உங்களுக்கு கை துறுதுறுன்னு வரும், அந்த நேரம் பாப்பாவோட படுத்து தூங்குங்க, பாத்திரம் காத்துக்கிட்டு இருக்கட்டும். பட்டறையில ஒரு கொலுசுக்கு உருக்கறவர் ஒருத்தர், கம்பி இழுக்கறவர் ஒருத்தர், துண்டுகள ஒட்டி பத்த வைக்கறவர் ஒருத்தர், மெருகு போடறவர் ஒருத்தர்னு கை மாறித் தானே வருது, ஒரே ஆள் எல்லாத்தையும் செஞ்சா நாள் எத்தனை ஆகும்னு அவருக்கு நல்லா தெரியும். அப்படியே சொல்லுங்க, புரிஞ்சுக்குவார்.

தம்பி மறுபடி படுக்கையில மூத்திரம் போறானா, பாட்டில்ல பால் கேக்கறானா? தங்கச்சி வந்த வீட்ல பெரியவங்க இப்படி கொஞ்ச நாள் சின்னவங்களா ஆவாங்க, திட்டாதீங்க, தானா போயிரும். பாப்பா நீங்க எழுந்தாலே அழறாள்னா அதுவும் இந்த 8 மாச வயசுக்கே உள்ளது, அம்மா கண்ணுக்கு மறைஞ்சாலும் எங்கயோ இருக்காங்கன்னு இப்ப தான் அவளுக்கு தெரிய ஆரம்பிச்சிருக்கு, திரும்பி வருவாங்கன்னு இன்னும் தெரியல. போனா குரல் குடுத்துக்கிட்டே போங்க.

ஏற்காட்டுல அழுகை வந்தது எனக்கு ஆச்சரியமே இல்ல. 20 கொண்டை ஊசி வளைவு, அதுல ரெண்டு குழந்தையும் மாத்தி மாத்தி வாந்தி எடுத்திருக்கும், ரூமுக்கு போனதும் நீங்க துணி அலசிருப்பீங்க, வெந்நி இருக்கா பால் சூடு பண்ண முடியுமான்னு ரிசப்ஷன்ல கேட்டிருப்பீங்க, ஏரியில படகு போறத எல்லாரும் பார்த்தப்ப நீங்க தம்பி கைய புடிச்சு இழுத்துட்டு இருந்திருப்பீங்க. வீட்டு வேலைய மலை மேல கொண்டு போய் செஞ்சுட்டு வந்திருக்கீங்க. அவர் அன்பா தான் கூட்டிட்டு போனார், ஆனா உங்களுக்கு வேண்டியது குளிர் காத்து இல்ல, வாரத்துல ரெண்டு மணி நேரம் "அம்மா"ன்னு யாரும் கூப்பிடாத நேரம். ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு பால் குடுத்துட்டு கிளம்பிருங்க, முன்னாடி வேலை பார்த்தப்ப கூட இருந்த தோழிய கூப்பிட்டு ஒரு தட்டுவடை செட் சாப்பிடுங்க, கோட்டை மாரியம்மன் கோவில்ல தூண்ல சாஞ்சு சும்மா உட்காருங்க. வீட்ல பாப்பா அழுவா, அவங்க அப்பா தூக்கிட்டு நடப்பார், ரெண்டு பேருக்கும் அப்படித்தான் பழக்கம் ஆகும்.

நல்ல அம்மாவான்னு கேட்டிருந்தீங்க. சாவிய அரிசி டப்பாவுல போட்டவங்ககிட்ட அந்த கேள்விய நான் கேக்க மாட்டேன். இந்த வாரம் ரத்தம் குடுத்துட்டு வாங்க, மாடி விஷயத்த வீட்டுக்காரர்கிட்ட நைட்டு குழந்தைங்க தூங்கினதும் சொல்லிருங்க, சொல்ல வாய் வரலைன்னா இந்த பதில அப்படியே படிக்க குடுங்க. ஆடியில குகை மாரியம்மன் பண்டிகை ஊர்வலம், வண்டி வேடிக்கை வருது, உங்க தெருவுல கூட்டம் நெரியும், தம்பி அன்னைக்கு அவங்க அப்பா தோள்ல இருக்கட்டும். அதுக்கு அப்புறம் எனக்கு ஒரு கடிதம் போடுங்க, ஹீமோகுளோபின் எவ்வளவு, தைராய்டு எவ்வளவு, நைட்டு எத்தனை மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கறீங்க, இந்த மூணையும் எழுதுங்க.